தண்டுவடத்தைச் சுற்றி வரும் கட்டிகளை எம்ஆர்ஐயில் கண்டறிவது எப்படி? முதலில் இடம், அப்புறம் பெயர்

இடுப்பு வலி, இரண்டு காலும் மரத்துப்போகிறது, நடக்கும்போது தடுமாற்றம். இப்படி எழுதி, இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்ஆர்ஐ கேட்டு அனுப்பப்பட்ட ஓர் அம்மாவின் படம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் வயதுக்கேற்ற டிஸ்க் தேய்மானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டை முடித்துவிடலாம் என்று இருந்தபோது டெக்னீஷியன் வந்து, “டாக்டர், மேஜையில படுக்க வைக்கும்போது அவங்க கால் ரெண்டும் கட்டை மாதிரி விறைச்சுக்கிச்சு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக முதுகு முழுவதையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தோம். எட்டாவது மார்பு முள்ளெலும்புக்கு நேராக, தண்டுவடத்தை ஓர் ஓரமாக நசுக்கிக்கொண்டு, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது.

அந்த டெக்னீஷியன் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு ‘டிஸ்க் தேய்மானம்’ என்ற ரிப்போர்ட் போயிருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியை ஸ்கேன் அறைக்கு வெளியிலிருந்து தொடங்குகிறேன். கதிரியக்கத் துறையில் பயிற்சியில் இருப்பவர்கள், எம்ஆர்ஐ டெக்னீஷியன்கள், ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தன் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள நினைக்கும் நோயாளிக்கும் இது பயன்படும்.

படி 1: எந்த இடத்தை எடுப்பது?

பெரியவர்களில் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள் மட்டுமே. ஆகவே கால் விறைப்பு, முழங்காலைத் தட்டினால் அளவுக்கு மீறித் துள்ளுவது, பாதத்தைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுவது இவையெல்லாம் இருந்தால் கோளாறு தண்டுவடத்தில் இருக்கிறது, அதாவது கழுத்திலோ மார்புப் பகுதியிலோ. இடுப்பை மட்டும் எடுத்தால் அது படத்துக்குள்ளேயே வராது. கால் தொளதொளவென்று தளர்ந்து, அனிச்சைச் செயல்கள் குறைந்திருந்தால் குதிரைவால் நரம்புகளைச் சந்தேகிக்கலாம். ஒரு விதிவிலக்கு: தண்டுவடம் திடீரென அடிபட்ட முதல் சில நாள்களிலும் கால் தளர்ந்தே இருக்கும்.

உணர்ச்சி எந்த மட்டத்துக்குக் கீழே குறைந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். மார்புக்காம்பின் மட்டம் நான்காவது மார்பு நரம்பு, தொப்புள் மட்டம் பத்தாவது மார்பு நரம்பு. ஆனால் இதை அப்படியே நம்பி அங்கே மட்டும் படம் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து அழுத்தும் கட்டியில் உணர்ச்சிக் குறைவு உண்மையான இடத்துக்குப் பல மட்டங்கள் கீழேதான் தொடங்கலாம். போதாக்குறைக்கு, தண்டுவடத்தில் ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் பகுதியான கண்டம், அதே எண்ணுள்ள முள்ளெலும்புக்கு நேராக இருக்காது. கீழ் மார்புப் பகுதியில் இரண்டு, மூன்று எலும்புகள் மேலே இருக்கும். எனவே தொப்புளுக்குக் கீழே மரத்திருந்தால், படம் கழுத்து வரைக்கும் போகட்டும்.

புற்றுநோய் உள்ளவருக்கு முதுகுவலியோடு கால் பலவீனம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், முதுகெலும்பு முழுவதையும் எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல இடங்களில் பரவியிருப்பது சாதாரணமாக நடக்கும். வலிக்கிற இடம் ஒன்றாகவும் தண்டுவடம் நசுங்குகிற இடம் வேறொன்றாகவும் இருக்கலாம்.

படி 2: பாதுகாப்புக் கேள்விகள்

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய்க் கிளிப், கண்ணில் உலோகத் துகள், முன்பு செய்த முதுகு அறுவை சிகிச்சை ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “உடம்பில் ஏதாவது உலோகம் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் பலருக்கு எதுவும் நினைவுக்கு வராது. எம்ஆர்ஐக்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது உண்டு. அதன் மாடலைப் பார்த்து உறுதிசெய்த பிறகே உள்ளே விட வேண்டும். கட்டியைப் படத்தில் வெளுத்துக் காட்ட ரத்தக்குழாயில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியத்தின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரத்தப் பரிசோதனை அறிக்கையில் eGFR) நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் எந்த வகை கடோலினியம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

முதுகுவலிக்காரருக்கு முக்கால் மணி நேரம் அசையாமல் படுப்பது பெரிய சோதனை. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். வலி தாங்கவில்லை என்றால் முதலில் வலிக்கு மருந்து, அப்புறம் ஸ்கேன். ஆடிப்போன படத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

படி 3: என்னென்ன படங்கள் வேண்டும்?

அடிப்படையாக நான்கு போதும். சாஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் நெடுக்கு வெட்டு) டி1, சாஜிட்டல் டி2, சாஜிட்டல் ஸ்டிர், சந்தேகமான இடத்தில் ஆக்சியல் (குறுக்கு வெட்டு) டி2. சாஜிட்டல் வெட்டுகள் 3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் நல்லது. கட்டியோ சீழோ சந்தேகம் என்றால், கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு கொழுப்பை மறைத்த டி1 படத்தைச் சாஜிட்டலிலும் ஆக்சியலிலும் எடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது? டி1 படத்தில் கொழுப்பு வெள்ளையாகவும், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கறுப்பாகவும் தெரியும். எலும்பு மஜ்ஜையைப் பார்க்க இதற்கு ஈடு வேறில்லை. டி2 படத்தில் நீர் வெள்ளை, தண்டுவடம் சாம்பல். கட்டி எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவது இதுதான். ஸ்டிர் படத்தில் கொழுப்பு கறுத்துவிடுவதால் எலும்பில் உள்ள வீக்கமும் கட்டியும் பளிச்சென்று எழும். கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு ஸ்டிர் எடுக்கக் கூடாது. கடோலினியத்தை வாங்கிக்கொண்ட திசுவின் சிக்னலையும் அது கொழுப்போடு சேர்த்து அழித்துவிடலாம்.

கான்ட்ராஸ்டுக்கு முந்தைய டி1 படத்தை நேரம் மிச்சம் என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள். சில நாள்களான ரத்தம், கொழுப்பு, புரதம் நிறைந்த நீர் எல்லாமே டி1 படத்தில் இயல்பாகவே வெள்ளை. முன்னால் எடுத்த படம் இல்லாவிட்டால் அந்த வெள்ளை மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல வழியில்லை. இன்னொன்றும் உண்டு. கொழுப்பை மறைக்காமல் கான்ட்ராஸ்ட் படம் எடுத்தால், மஜ்ஜைக்குள் இருக்கும் கறுப்புக் கட்டி மருந்தை வாங்கி வெளுத்து, சுற்றியுள்ள மஜ்ஜையோடு கலந்து காணாமலே போய்விடும்.

படி 4: எண்ணுங்கள்

படத்தைத் திறந்ததும் கட்டியைத் தேடாதீர்கள். முதலில் எலும்புகளை எண்ணுங்கள். இரண்டாவது கழுத்து முள்ளெலும்பில் மேல்நோக்கி நிற்கும் பல் போன்ற முனை இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். சிலருக்கு இடுப்பின் கடைசி எலும்பு, அதற்குக் கீழே உள்ள திரிக எலும்போடு ஒட்டியிருக்கும், சிலருக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். கீழிருந்து எண்ணினால் கணக்கு தப்பும். மார்புப் பகுதியில் ஓர் எலும்பு தப்பினால் அறுவை சிகிச்சை நிபுணர் திறக்கும் இடமும் தப்பும்.

ரிப்போர்ட்டில் ‘டி2’ என்று எழுதும்போது அது படத்தின் வகையா, இரண்டாவது மார்பு முள்ளெலும்பா என்ற குழப்பமும் வரும். எலும்பைச் சொல்லும்போது நான் எப்போதும் ‘மார்பு’ என்று முழுதாகவே எழுதிவிடுவேன்.

படி 5: எந்த அறை?

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. கட்டிக்குப் பெயர் வைக்க எல்லோருக்கும் அவசரம். ஆனால் இடம் சரியாகத் தெரிந்துவிட்டால் பெயர்ப் பட்டியல் தானாகவே நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

முதுகெலும்புக் குழாயை மூன்று அறைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்டுவடம். அதைச் சுற்றி நீர். நீரைத் தாங்கி நிற்கும் பை டூரா என்ற உறை. உறைக்கு வெளியே கொழுப்பும் சிரைகளும், அப்புறம் எலும்பு. கட்டி தண்டுவடத்துக்குள் இருக்கலாம். தண்டுவடத்துக்கு வெளியே ஆனால் உறைக்குள் இருக்கலாம். உறைக்கும் வெளியே இருக்கலாம்.

இதைக் காட்டிக்கொடுப்பது வெள்ளையாகத் தெரியும் அந்த நீர்தான். டி2 படத்தில் நீரின் விளிம்பை விரலால் தடவுவதுபோல மேலிருந்து கீழே பின்தொடருங்கள்.

உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே உள்ள கட்டி, தண்டுவடத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அதனால் கட்டியிருக்கும் பக்கத்தில், அதற்கு மேலேயும் கீழேயும் நீர் இடைவெளி அகலமாகும். கட்டியின் தலையிலும் அடியிலும் வெள்ளை நீர் பிறைபோல வளைந்து தொப்பி போட்டிருக்கும். நான் முன்னே சொன்ன அம்மாவின் படத்தில் அந்த இரண்டு பிறைகளும் அச்சடித்ததுபோல இருந்தன. தண்டுவடமோ எதிர்ச்சுவரோடு ஒட்டி, நாடாபோலத் தட்டையாகியிருந்தது.

உறைக்கு வெளியே உள்ள கட்டி, உறையையும் நீரையும் சேர்த்தே உள்நோக்கித் தள்ளும். கட்டியிருக்கும் பக்கத்தில் நீர் குறுகும், மெல்ல மெல்லக் கூம்பி மறையும். கட்டிக்கும் நீருக்கும் நடுவே டூரா மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தண்டுவடத்துக்குள் உள்ள கட்டியில் தண்டுவடமே பருத்து, இரண்டு பக்கமும் நீர் ஒரே மாதிரி குறுகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து அழுத்தும் டிஸ்க் தண்டுவடத்தைத் தட்டையாக்கும்போது, முன்னாலிருந்து பார்க்கும் கொரோனல் படத்தில் அது அகன்று, உள்ளே ஏதோ வளர்வதுபோலத் தெரியும். ஒரே தளத்தில் பார்த்து அறையைத் தீர்மானிக்கக் கூடாது. ஆக்சியல் படத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே முடிவு.

படி 6: பெயர் வைப்பது

உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே என்று முடிவானால் பெரியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு: மெனிஞ்சியோமா, ஷ்வானோமா.

மெனிஞ்சியோமா பெரும்பாலும் மார்புப் பகுதியில், நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு வருவது. டி1, டி2 இரண்டிலும் ஏறக்குறைய தண்டுவடத்தின் நிறத்திலேயே இருக்கும். உறையில் அகலமாக ஒட்டியிருக்கும். கான்ட்ராஸ்ட் கொடுத்தால் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், உறை வழியாக ஒரு வால் நீளும். சுண்ணாம்பு படிந்திருந்தால் எல்லாப் படங்களிலும் கறுப்பு.

ஷ்வானோமா நரம்பு வேரின் உறையிலிருந்து வளர்வது. டி2 படத்தில் தண்டுவடத்தைவிட வெள்ளையாகவும், உள்ளே நீர்ப்பைகளோடும் இருக்கும். மருந்தைத் திட்டுத்திட்டாக வாங்கும். நரம்பு வெளிவரும் துளை வழியாக வெளியே பிதுங்கும்போது, உடற்பயிற்சி டம்பெல் போல இரண்டு பக்கமும் பருத்து நடுவில் ஒடுங்கும். பல வருடங்கள் மெதுவாக வளர்வதால் அந்தத் துளையின் எலும்பு விளிம்பு வழவழவென்று தேய்ந்து அகன்றிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தால், அதுவும் இளவயதில் இருந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயைத் தேட வேண்டும். அப்போது மூளைக்கும் முழு முதுகெலும்புக்கும் படம் தேவை.

தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, நரம்புகளுக்கு நடுவில் நீளவாக்கில் கொத்தவரைக்காய் போல ஒரு கட்டி இருந்தால் மிக்ஸோபாப்பில்லரி எபென்டிமோமாவையும் பட்டியலில் சேருங்கள். எல்லாப் படத்திலும் நீரைப் போலவே இருந்து தண்டுவடத்தைத் தள்ளினால் அரக்னாய்டு நீர்ப்பை. நீரைப் போலவே இருந்து, நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படத்தில் மட்டும் பளிச்சென்று வெளுத்தால், தோல் செல்களால் ஆன எபிடெர்மாய்டு கட்டி.

மார்புப் பகுதியில் தண்டுவடம் முன்பக்கம் வளைந்து ஒட்டியிருந்தால், பின்னால் நீர்ப்பை தள்ளுகிறதா, அல்லது முன்னால் டூராவில் உள்ள ஓட்டை வழியாகத் தண்டுவடமே வெளியே பிதுங்குகிறதா என்பது சங்கடமான கேள்வி. நீரை மிக வெண்மையாகக் காட்டும் மெல்லிய முப்பரிமாண டி2 படம் இங்கே கைகொடுக்கும். நீர்ப்பை என்றால் அதன் சுவர் சில சமயம் தெரியும், தண்டுவடத்தின் பின்பக்கம் அமுங்கியிருக்கும்.

தண்டுவடத்தின் மேற்பரப்பில் சர்க்கரைப் பாகு பூசினாற்போல மருந்து படிந்து, கீழே நரம்பு வேர்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் புற்றுநோய் நீர்வழியே பரவியிருக்கிறது. இந்தச் சந்தேகம் இருக்கும்போது, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். ஊசி குத்திய பின் உறை தானாகவே மருந்தை வாங்கிக் குழப்பும்.

உறைக்கு வெளியே என்றால் கதை பெரும்பாலும் எலும்பிலோ டிஸ்க்கிலோ தொடங்குகிறது. பெரியவர்களின் மஜ்ஜை டி1 படத்தில் பக்கத்து டிஸ்க்கைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். டிஸ்க்கைவிடக் கறுத்திருந்தால் அங்கே ஏதோ புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் இங்கே அதிகம் பரவுபவை. மஜ்ஜைப் புற்றான மல்டிபிள் மைலோமாவும் நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவும் அடுத்து. கட்டி எலும்பின் பின்சுவரைத் தாண்டி வரும்போது, நடுவில் ஒட்டியிருக்கும் தசைநார் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆக்சியல் படத்தில் கட்டி இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் கட்டிய திரைச்சீலைபோலத் தோன்றும்.

வயதானவரின் எலும்பு நொறுங்கியிருந்தால், தேய்மானத்தாலா புற்றாலா என்ற கேள்வி வரும். வெள்ளை மஜ்ஜை ஓரளவு மிச்சமிருந்து, பின்மூலை மட்டும் கூர்மையாகப் பிதுங்கியிருந்தால் தேய்மானம். மஜ்ஜை முழுவதும் கறுத்து, பின்சுவர் உருண்டு புடைத்து, பின்னால் உள்ள எலும்புக் கால்களும் கறுத்திருந்தால் புற்று. இன்னும் ஐயம் என்றால், கொழுப்பு, நீர் இரண்டின் சிக்னலும் கூடும் இன்-ஃபேஸ் படமும், ஒன்றையொன்று கழிக்கும் ஔட்-ஆஃப்-ஃபேஸ் படமும் எடுங்கள். இரண்டாவதில் சிக்னல் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கொழுப்பு உள்ளே இன்னும் இருக்கிறது, புற்றுக்கான வாய்ப்பு குறைவு.

கிருமித்தொற்றைப் புற்றிலிருந்து பிரிப்பது டிஸ்க்தான். புற்று பொதுவாக டிஸ்க்கை விட்டுவைக்கும். சாதாரணப் பாக்டீரியா டிஸ்க்கை ஆரம்பத்திலேயே அழிக்கும், சீழின் சுவர் தடித்துக் கரடுமுரடாக இருக்கும். காசநோய் டிஸ்க்கைக் கொஞ்ச காலம் விட்டுவைத்து, தசைநாருக்கு அடியில் பல எலும்புகளுக்கு ஊர்ந்து போகும். பக்கத்தில் மெல்லிய, வழவழப்பான சுவருள்ள பெரிய சீழ்க்கட்டியும் இருக்கும். பரவும் போக்கில் காசநோய் சில நேரம் புற்றைப் போலவே வேடம் போடும் என்பதால், திசுப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் திடீரென முதுகு வலித்து, சில மணி நேரத்தில் கால் செயலிழந்தால் உறைக்கு வெளியே ரத்தக்கட்டு. முதல் நாளில் அது டி1 படத்தில் தண்டுவடத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். வெள்ளையாக மாற நாள்கள் ஆகும். ரத்தம் என்றால் வெள்ளை என்று தேடினால் கிடைக்காது.

தண்டுவடத்துக்குள் உள்ளவை தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: தண்டுவடம் பருக்காமல், இரண்டு எலும்புக்கும் குறைவான நீளத்தில் ஓரமாக ஒரு வெள்ளைத் திட்டு என்றால் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், மூன்று எலும்பு நீளமோ அதற்கு மேலோ நடுவில் ஓடினால் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா; இரண்டுமே கட்டி அல்ல, நரம்பு மண்டலத்தின் அழற்சி நோய்கள். பின்பக்கம் தலைகீழான ‘வி’ வடிவம் என்றால் பி12 அளவைப் பாருங்கள். தண்டுவடத்தின் அடிப்பகுதி வீங்கி, அதன் பின்னால் புழுப்போல நெளியும் கறுப்பு நூல்கள் இருந்தால் டூராவில் தமனியும் சிரையும் தவறாக இணைந்திருக்கின்றன. இதை அழற்சி என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் நடப்பது வருத்தமான உண்மை.

படி 7: பொய்க் கட்டிகள்

நீர் துடிப்போடு ஓடுவதால் மார்புப் பகுதியில் தண்டுவடத்தின் பின்னால் டி2 படத்தில் கறுப்புத் திட்டுகள் விழும். அவை விளிம்பில்லாமல் புகைபோலக் கலங்கியிருக்கும், ரத்தக்குழாயோ கூர்மையான விளிம்போடு நெளியும். தண்டுவடத்தின் நடுவில் நேர்கோடாக ஒரு வெள்ளை இழை, நீர்க்குழி போலத் தெரிந்தால், ஆக்சியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது படக் கணக்கீட்டில் பிறந்த நிழல், கிப்ஸ் ஆர்ட்டிஃபாக்ட் என்பார்கள். உலோகத் தகடு உள்ளவர்களுக்கு, காந்த வலு 3 டெஸ்லா உள்ள கருவியைவிட 1.5 டெஸ்லா கருவியில் படம் சிதைவது குறைவு.

படி 8: எழுதுவதும் சொல்வதும்

ரிப்போர்ட்டில் முதல் வரி மட்டம், இரண்டாவது அறை, மூன்றாவது எந்தப் பக்கம், அப்புறம் மூன்று அளவுகள். தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, உள்ளே டி2 வெண்மை இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். பெயர் கடைசியில் வரட்டும்.

எலும்புப் புற்றால் வரும் அழுத்தத்தை எழுத பில்ஸ்கி அளவுகோல் உதவும். மிக மோசமான மட்டத்தின் ஆக்சியல் டி2 படத்தில் பார்ப்பது. எலும்போடு நின்றால் 0. உறைப்பையை அமுக்காமல் அதற்கு வெளியே உள்ள இடத்தில் மட்டும் புகுந்தால் 1ஏ, உறைப்பையை அமுக்கினால் 1பி, தண்டுவடத்தைத் தொட்டும் நசுக்காமல் இருந்தால் 1சி. தண்டுவடம் நசுங்கி, சுற்றிலும் நீர் இன்னும் கொஞ்சம் தெரிந்தால் 2, நீரே தெரியாவிட்டால் 3. கடைசி இரண்டு நிலைகளில் அறுவை சிகிச்சை நிபுணரின் கருத்து உடனே தேவைப்படும். இதிலும் முடிவு சொல்வது அந்த வெள்ளை நீர்தான்.

தண்டுவடம் நசுங்கியிருந்தாலோ, சீழோ ரத்தக்கட்டோ அழுத்தினாலோ, சிறுநீர் போகாமல் அடைத்து உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்று தெரிந்தாலோ, ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மட்டத்தையும் பக்கத்தையும் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும்வரை லைனில் இருங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் யார் என்பதையும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எழுதுங்கள். நோயாளி எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தாலும், அந்த அழைப்பு முடியும்வரை அவரைக் கூடத்திலேயே உட்கார வையுங்கள்.